பிரவுசரில் ஒரு பாசனக் கிராமம் கட்டுவது எப்படி

கட்டைகளை அடுக்கியும் உடைத்தும் உலகம் சமைக்கும் விளையாட்டுக்கு உயர்ந்த கணினி வேண்டும் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். உண்மையில், அரசு கொடுத்த பழைய விலையில்லா மடிக்கணினி இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தால், அதில் உள்ள பிரவுசரே பெரும்பாலும் போதுமானது. இந்த வகை விளையாட்டான மைன்கிராஃப்ட் 2009இல் முதன்முதலில் வெளிவந்தபோது இருந்த எளிய வடிவத்தை, அதன் பத்தாம் ஆண்டை ஒட்டி 2019 மே மாதத்தில், 32 வகைக் கட்டைகளோடு பிரவுசரிலேயே விளையாடும்படி இலவசமாக வெளியிட்டார்கள். அதே பழைய வடிவத்தின் முறையில், தன்னார்வலர்கள் தனியாக எழுதிய கிளாசிக்யூப் என்னும் திறமூல விளையாட்டும் பிரவுசரில் ஓடும். உலகத்தின் அளவை நாமே தீர்மானிக்கலாம் என்பதால், எங்கள் வீட்டில் இரண்டாவதையே பயன்படுத்துகிறோம். கீழே சொல்லப்படுபவை அதற்கு உரியவை. பிறருடைய சர்வர்களில் சேர்ந்து விளையாட ஓர் இலவசக் கணக்கு வேண்டும். ஆனால் கற்றுக்கொள்ளும் நாட்களில் தனியாட்டமே நல்லது, ஏனென்றால் நாம் தோண்டிய வாய்க்காலை இன்னொருவர் வந்து தூர்க்க முடியாது.

எஸ்கேப் விசையை அழுத்தினால் வரும் பட்டியலில் புதிய உலகம் உருவாக்கும் பகுதி உண்டு. அகலம், உயரம், நீளம் மூன்றையும் எண்களாகக் கொடுத்துவிட்டு, மலையும் குகையும் உள்ள உலகமா, புல் மட்டும் பரந்த தட்டையான உலகமா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். டெல்டாக்காரர்களுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தட்டையானதையே எடுங்கள். தட்டை உலகில் தரைமட்டம் மொத்த உயரத்தின் சரிபாதியில் அமைகிறது என்பதை மட்டும் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். என் அக்காள் மகன் உயரத்தை 128 என்று கொடுத்துவிட்டு, ஒரு கட்டைக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை எழுப்பத் தொடங்கினான். விமானத்தின் உயரம் ஏறத்தாழ 66 மீட்டர். தரைக்கு மேல் அவனுக்குக் கிடைத்ததோ 64 கட்டை. கலசம் வைக்கும் நேரத்தில் வானம் முடிந்துவிட்டது. பாதி அளவில் கட்டினால் 33 கட்டை உயரமும், ஏறத்தாழ 30 மீட்டர் உள்ள அடித்தளத்துக்கு 15 கட்டை அகலமும் வரும். 15 ஒற்றைப்படை என்பதால் உச்சியில் கலசம் நடுவில் ஒரே கட்டையாக உட்காரும். ஆகவே நீள அகலம் 128, உயரமும் 128 என்று வைத்துக்கொள்வது இந்தக் கிராமத்துக்குப் போதும்.

நடப்பதற்கு டபிள்யூ, ஏ, எஸ், டி (W, A, S, D) ஆகிய நான்கு விசைகள். குதிக்க ஸ்பேஸ் பார். சுட்டியின் இடது பொத்தான் கட்டையை உடைக்கும், வலது பொத்தான் வைக்கும். பி (B) விசையை அழுத்தினால் கட்டைகளின் பட்டியல் விரியும். எடுத்தவை அடியில் உள்ள ஒன்பது இடங்களில் சேரும், 1 முதல் 9 வரையிலான எண்களால் மாற்றிக்கொள்ளலாம். இசட் பறக்க வைக்கும், பறக்கும்போது க்யூ மேலேயும் இ கீழேயும் கொண்டு செல்லும். படம் திக்கித் திக்கி வந்தால் எஃப் விசையை அழுத்தி, கண்ணுக்குத் தெரியும் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கைபேசியிலும் விளையாடலாம் என்றாலும், வரப்பு போடும் அளவுக்கு நுணுக்கமான வேலைக்குச் சுட்டிதான் வசதி.

இனி தண்ணீர். இந்த விளையாட்டின் சுவையும் சிக்கலும் இதில்தான் இருக்கின்றன. உலகத்தின் நான்கு எல்லைகளுக்கு அப்பாலும் தரைமட்டத்துக்குச் சமமாகத் தண்ணீர் நிற்கிறது. எல்லையோரத்தில் ஒரு புல் கட்டையை உடைத்தால் அந்த இடத்தில் தண்ணீர் புகும். புகுந்த தண்ணீர் பக்கவாட்டில் நான்கு திசைகளிலும், கீழேயும், இடம் இருக்கும் வரை பரவிக்கொண்டே போகும். மேலே மட்டும் ஏறாது. முக்கியமாக, அது குறைவதே இல்லை. மேட்டூர் ஜூன் 12ஆம் தேதி திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருந்து பழகிய நமக்கு, தலைமடையில் பாய்ந்த அதே அளவு கடைசி வயலிலும் நிற்பது முதலில் நம்ப முடியாததாக இருக்கும். அதே காரணத்தால், தவறி ஒரு கட்டை உடைந்தாலும் உடைப்பை அடைப்பதற்குள் ஊரே மூழ்கிவிடும்.

எனவே தண்ணீரைக் கடைசியில்தான் விட வேண்டும். எல்லையோரத்தில் ஒரு வரிசைக் கட்டையை அப்படியே கரையாக விட்டுவிட்டு, அதற்கு உள்ளே மூன்று கட்டை அகலத்தில், ஒரே ஒரு கட்டை ஆழத்தில் பெரிய வாய்க்காலைத் தோண்டுங்கள். அதிலிருந்து ஒரு கட்டை அகலத்தில் கிளை வாய்க்கால்களைப் பிரியுங்கள். வயல்களையும் அதே ஒரு கட்டை ஆழத்துக்கே வெட்டி, வயலுக்கும் வயலுக்கும் இடையில் வெட்டாமல் விடும் ஒரு வரிசையே வரப்பு. வயலை வெட்டாமல் தரைமட்டத்திலேயே விட்டால் அது மேட்டு நிலம். எவ்வளவு தண்ணீர் திறந்தாலும் ஏறிப் பாயாது. கரையை உயர்த்த வெறும் மண் கட்டையை வைத்தால் போதும், வெளிச்சம் படும் மண்ணில் சற்று நேரத்தில் தானாகவே புல் பிடித்துவிடும்.

பயிருக்குப் பச்சை நிறக் கம்பளிக் கட்டைகளை வைக்கலாம், அறுவடைக் காலத்தைக் காட்ட மஞ்சள் உண்டு. ஆனால் அவற்றை சதுரங்கப் பலகை போல ஒன்றுவிட்டு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் வைத்துவிடாதீர்கள். தண்ணீர் மூலைவிட்டமாகப் போகாது என்பதால், முதல் வரிசையைத் தாண்டாமல் நின்றுவிடும். உள்ளே இருக்கும் குழிகள் காய்ந்தே கிடக்கும். வாய்க்காலை ஒட்டிய ஒரு வரிசையைக் காலியாக விட்டு, அதிலிருந்து ஒரு வரிசைப் பயிர், ஒரு வரிசை இடைவெளி என்று நீளவாக்கில் போனால், எல்லா இடைவெளியிலும் தண்ணீர் ஓடும். பெரிய வயலைக் கட்டை கட்டையாக நிரப்பக் கை வலிக்கும். டி (T) விசையை அழுத்தி, சாய்கோட்டுக்குப் பின் ‘கிளையண்ட் கியூபாய்டு’ (client cuboid) என்ற இரு சொற்களை ஆங்கிலத்தில் தட்டிவிட்டு, எதிரெதிர் மூலைகள் இரண்டைத் தொட்டால், கையில் உள்ள கட்டையால் இடைப்பட்ட பகுதி முழுவதும் நிரம்பிவிடும்.

மதகுக்கு ஸ்பாஞ்ச் கட்டை இருக்கிறது. தன்னைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு கட்டை தூரத்துக்குத் தண்ணீரை அண்டவிடாது என்பதால், கிளை வாய்க்காலின் வாயில் ஒன்றை வைத்தால் ஷட்டர் இறக்கியது போல ஆகும். எடுத்தால் தண்ணீர் பாயும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிவதைக் குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை: நான்கு வாய்க்கால், நான்கு ஸ்பாஞ்ச். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், ஸ்பாஞ்ச் வைப்பதற்கு முன்பே கீழே ஓடிவிட்ட தண்ணீர் திரும்பாது. வயலில் நின்றதை வடிக்க அங்கேயே ஸ்பாஞ்சுகளை வைத்து எடுக்க வேண்டும், அதுவும் முதலில் மேலிருந்து வரும் வழியை அடைத்த பிறகு.

வீடு கட்டும்போது கடைக்கால் தோண்டும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். முறைப்படி கட்ட வேண்டும் என்று நான் ஒரு கட்டை ஆழத்தில் கடைக்கால் எடுத்தேன். அதன் ஒரு மூலை கிளை வாய்க்காலைத் தொட்டுக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. கரையை வெட்டிய சிறிது நேரத்தில் கூடத்திலும் அடுக்களையிலும் தண்ணீர் நின்றது. “மாமா, நம்ம வீட்டுக்குள்ளேயே குறுவை போட்டுடலாம்” என்றான் பையன். தரைக்கு மேல் இரண்டு கட்டை உயரத்தில் மேடை எழுப்பி, முன்னால் திண்ணை வைத்து, அதன் மேல் சுவர் எழுப்புவதே பாதுகாப்பு; நம் பக்கத்துப் பழைய வீடுகள் அப்படி உயர்ந்துதானே நிற்கின்றன.

செய்ததை விலக்கும் வசதி இந்த விளையாட்டில் கிடையாது. ஆகவே எல்லையோரக் கரையை வெட்டுவதற்கு முன் எஸ்கேப் பட்டியலுக்குப் போய் உலகத்தைச் சேமியுங்கள். சேமித்தது பிரவுசரின் நினைவில்தான் தங்குகிறது. யாராவது பிரவுசரைச் சுத்தம் செய்தால் ஊரும் சேர்ந்தே போய்விடும் என்பதால், கோப்பாகவும் ஒரு பிரதி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வாய்க்காலுக்கு நேராகப் பறந்து நின்று, எல்லையில் நடு கட்டை ஒன்றை மட்டும் உடைத்து, தண்ணீர் முதல் வயலின் வாய்மடையில் திரும்புவதைப் பாருங்கள்.