பழைய பீமர் (பி.எம்.டபிள்யூ) வேண்டப் போற தம்பியவைக்கு: கிணத்துத் தண்ணியை ஊத்தாதேங்கோ

போன மாதம் கொக்குவில்லில இருந்து ஒரு தம்பி புதுசா வேண்டின காரைக் காட்ட எங்கட வீட்டு முத்தத்துக்குக் கொண்டு வந்தவர். பி.எம்.டபிள்யூ 523i, இ60 மொடல், 2008ஆம் ஆண்டு. கறுப்பு நிறம், பெயின்ற் அந்த மாதிரி, தோல் சீற்றில ஒரு வெடிப்பும் இல்லை. எனக்கும் பாக்கச் சந்தோசமாத்தான் இருந்தது. பொனட்டைத் திறந்து, எஞ்சின் ஆறினாப் பிறகு கூலன்ற் (எஞ்சினைக் குளிர வைக்கிற திரவம்) ரேங்க் மூடியைக் கழட்டிப் பாத்தால் உள்ளுக்கை நீலமா ஒண்டும் இல்லை, வெறும் தண்ணி, மூடியின்ர புரி முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு படிஞ்சிருக்கு. என்ன தம்பி ஊத்தினீர் எண்டு கேக்க, "வீட்டுக் கிணத்துத் தண்ணிதான் அண்ணை, குறைஞ்சிருக்கெண்டு அப்பா ஊத்தினவர்" எண்டார். 2017இல நான் செய்த அதே பிழை. அண்டைக்கு இரவே இதை எழுதத் தொடங்கீட்டன்.

மைலேஜ் திருப்பிறது, அடிபட்ட காரைப் பூசி விக்கிறது, புத்தகத்தில பேர் மாத்தாமல் ஓடுறது எல்லாம் ஆரும் சொல்லுவினம், அதுகளை நான் எழுதேல்ல.

ஏன் இதில மனம் போகுது

ஒருக்கா ஓடிப் பாத்தால் விளங்கும். நான் வச்சிருக்கிறது 2006ஆம் ஆண்டு 530i, மூண்டு லீற்றர், ஆறு சிலிண்டர் ஒரே வரிசையில, 258 குதிரைவலு. கொழும்பில இருந்து யாழ்ப்பாணம் 400 கிலோமீற்றர் கிட்ட, யாழ்ப்பாணம் மட்டும் போற ஹைவே ஒண்டும் இல்லை, கூடுதலா ஏ9 றோட்டுத்தான், அதில சட்டப்படி 70க்கு மேல ஓடவும் ஏலாது, பிறகென்னத்துக்கு இவ்வளவு பவர் எண்டு என்னை கனபேர் கேட்டிருக்கினம். மாங்குளம் பக்கம் ஒரு லொறிக்குப் பின்னால போய்க் கொண்டிருக்கேக்க எதிர்ப்பக்கம் வெறுமையா ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும், அப்ப காலைக் கொஞ்சம் அமத்தினால் கார் ஒரு சத்தமும் நடுக்கமும் இல்லாமல் போய் முன்னால நிக்கும், அந்த நேரம்தான் அந்தப் பவருக்கு வேலை. வீட்டுக்கு வந்து இறங்கேக்க நாரி நோகாது. ஸ்ரியரிங் கையில சொல்லுற கதை வேற ஒரு காரிலயும் எனக்குக் கிடைக்கேல்ல.

விலையும் ஒரு காரணம்தான். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி, தனியார் காருகளுக்கு 2025 பெப்ரவரியிலதான் திரும்ப விட்டவை. இப்பவும் வரியோட சேத்துப் பாத்தால் ஒரு சின்னப் புதுக் கார் வேண்டிற காசுக்கு இப்பிடி ஒரு பழைய பெரிய கார் வருது. ஆனால் கார்தான் பழசாகி விலை இறங்கினது, அதின்ர பாட்ஸ் விலை இறங்கேல்ல. ஒரு வோட்டர் பம்புக்கு நீங்கள் குடுக்கிற காசு அந்தக் கார் புதுசா ஷோரூமில நிண்ட நேரத்துக் கணக்குத்தான்.

பெரிய பிழை: தண்ணி

இதை ஆறுதலா வாசியுங்கோ.

எங்கட ஊருக்கு ஒரு பழக்கம் இருக்கு, அது நல்ல பழக்கம், நான் அதைக் குறை சொல்லேல்ல. 90களில பொருளாதாரத் தடையில பெற்றோல் இல்லாத நேரம் ஒஸ்ரின் ஏ40 உம் மொறிஸ் மைனரும் இஞ்ச மண்ணெண்ணெயில ஓடினது. கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தி, புகையோட ஆசுப்பத்திரிக்கு ஆக்களை ஏத்திக்கொண்டு போனவை. அந்தக் காருகளுக்கு றேடியேற்றர் குறைஞ்சால் வழியில எந்த வீட்டுக் கிணத்திலயும் ஒரு வாளி அள்ளி ஊத்தலாம், இரும்பு எஞ்சின், பெல்ற்றில சுத்துற பம்ப், தாங்கும். அந்தப் பழக்கம் அப்பாமாரிட்ட இருந்து எங்களுக்கு வந்தது, இந்தக் காருக்கும் அதையே செய்யிறம்.

2017 ஆவணியில நான் கொழும்பால வந்து கொண்டிருந்தனான். இரவு பதினொரு மணி இருக்கும், ஆனையிறவு கிட்ட மஞ்சள் ரெம்பரேச்சர் லைற் வந்தது. இந்த மொடலில கூலன்ற் சூட்டைக் காட்டிற முள்ளே இல்லை, லைற் வந்தால்தான் தெரியும், அதைச் சரியா விளங்கிக் கொள்ளுங்கோ, லைற் வாற நேரம் ஏற்கெனவே பிந்தீட்டுது. பொனட்டுக்குள்ள ஃபான் பிளேன் மாதிரி இரையுது. நான் என்ன நினைச்சனான் எண்டால், இனி அம்பது கிலோமீற்றர்தானே, மெல்லமா போவம் எண்டு. பளை தாண்டி கொடிகாமத்துக்குக் கிட்ட லைற் சிவப்பாயிற்று, காரும் இழுக்கேல்ல. நிப்பாட்டி, றோட்டோர வீட்டில தட்ட அந்தச் சனம் பாவம் அந்த நேரத்திலயும் எழும்பி ஒரு வாளி தண்ணி அள்ளித் தந்ததுகள். கொஞ்ச நேரம் விட்டு, துணியால பிடிச்சு மூடியைத் திறந்து ஊத்தினன். கையில ஆவி அடிச்ச அடையாளம் இப்பவும் இருக்கு. திரும்ப ஸ்ரார்ட் பண்ணி சாவகச்சேரி மட்டும் போனனான், அங்க எஞ்சின் நிண்டிட்டுது.

நடந்தது இதுதான். இந்த எஞ்சினில வோட்டர் பம்ப் பெல்ற்றில சுத்துறதில்லை, கரண்டில ஓடுற மோட்டர். லட்சம் கிலோமீற்றர் கிட்ட வர அது ஒழுக்கு, சத்தம் ஒண்டும் காட்டாமல் ஒரே அடியா நிண்டிடும். பம்ப் நிண்டால் நீங்கள் எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் அது சுத்தாது, அப்பிடியே நிண்டு கொதிக்கும். எஞ்சின் புளொக் இரும்பில்லை, மக்னீசியமும் அலுமினியமும், போல்ற்றுகளும் அலுமினியம், ஒருக்காக் கழட்டினால் திரும்பப் போட ஏலாது. கொதிக்கிற எஞ்சினுக்குப் பச்சைத் தண்ணி விட்டால் என்ன ஆகும் எண்டு யோசியுங்கோ. எனக்கு எஞ்சினின்ர மேல் பாகமான ஹெட் வளைஞ்சு, அதுக்குக் கீழ இருக்கிற காஸ்கெற் போய், ஹெட்டை கொழும்புக்கு அனுப்பி, பாட்ஸுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடையள் முழுக்க அலைஞ்சு, கார் விலையில கால்வாசி போனது. நாலு மாதம் கார் ஓடேல்ல. மஞ்சள் லைற்றில நிப்பாட்டியிருந்தால் ஒரு பம்பும், சூட்டுக்கேத்த மாதிரிக் கூலன்ற் ஓட்டத்தைத் திறந்து மூடுற ஒரு தேர்மொஸ்ராற்றும்தான் செலவு. இண்டைக்கும் ஆனையிறவைத் தாண்டேக்க எனக்கு அந்த லைற்றுத்தான் ஞாபகம் வாறது.

இனி தண்ணியைப் பற்றி. எங்கட குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு, கிணத்துத் தண்ணியும் அதுக்கேத்த மாதிரி. கேத்தலுக்கை வெள்ளையாப் படியிறதை வீட்டில எல்லாரும் சுரண்டுறம்தானே, அதேதான் றேடியேற்றரின்ர மெல்லிய குழாய்க்குள்ளயும் படியும், அங்க சுரண்ட ஏலாது. சில பேர் சொல்லுவினம் கூலன்ற் குளிர் நாட்டுக்குத்தான், இஞ்ச உறையாதே எண்டு. முழுப் பிழையான கதை. கூலன்ற் தண்ணி கொதிக்கிற சூட்டைக் கூட்டும், அலுமினியத்தை அரிக்க விடாது. இந்த எஞ்சின் பெற்றோலை மிச்சம் பிடிக்க நூறு பாகைக்கு மேலயே ஓடும், பிரஷர் குக்கர் மாதிரி அமுக்கத்திலதான் அது கொதிக்காமல் நிக்குது. பிளாஸ்ரிக் ரேங்கில மயிர் மாதிரி ஒரு வெடிப்பு விழுந்தாலும் அமுக்கம் போச்சு, வெறும் தண்ணி உடன பொங்கும்.

செய்ய வேண்டியது: பி.எம்.டபிள்யூவுக்குரிய நீலக் கூலன்ற் பாதி, டிஸ்ரில்ட் வோட்டர் பாதி. வேண்டின கையோட பம்பையும் தேர்மொஸ்ராற்றையும் சோடியா மாத்துங்கோ, பழைய ஓனர் மாத்தின பில் கையில இருந்தால் மட்டும் விடலாம். மாத்தினாப் பிறகு கூலன்ற் குழாய்க்குள்ள நிக்கிற காத்தை எடுக்கிறதும் பழைய காரைப் போல இல்லை: பற்றரிக்கு சார்ஜர் குடுத்து, எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணாமல் சுவிச்சை மட்டும் போட்டு, ஹீற்றரை முழுச் சூட்டிலயும் அதின்ர ஃபானை ஆகக் குறைச்சும் வச்சு, அக்ஸிலேற்றரை பத்து செக்கன் அடியோட அமத்திப் பிடிச்சால் பம்ப் தானா ஒரு பன்னிரண்டு நிமிசம் ஓடிக் காத்தை வெளியேத்தும். இது தெரியாத கராஜில குடுத்தால் காத்து உள்ளுக்கை நிண்டு அடுத்த கிழமையே திரும்பச் சூடாகும். மஞ்சள் லைற் வந்தால் ஏசியை நிப்பாட்டி, ஓரம் கட்டி, எஞ்சினை நிப்பாட்டுங்கோ. காரை ஏத்திக் கொண்டு போற கரியரைக் கூப்பிடுங்கோ. கரியர்காரன் கேக்கிற காசைப் பாத்து ஓட யோசிக்காதேங்கோ.

கியர்பொக்ஸ் ஒயில்

லைஃப்டைம் ஒயில், மாத்தத் தேவையில்லை எண்டு சொல்லி விப்பினம். அந்தக் கியர்பொக்ஸைச் செய்யிற செட்.எஃப் கம்பனியே 80,000க்கும் 120,000 கிலோமீற்றருக்கும் இடையில மாத்தச் சொல்லுது. அடித் தட்டும் ஃபில்ரரும் ஒண்டாத்தான் வரும், தட்டோட மாத்துங்கோ.

520டி

இதே காரின்ர டீசல் மொடல். டீசல் எண்டால் செலவு மிச்சம் எண்டு இதுக்குப் பின்னால ஓடுவினம். 2007இல இருந்து வந்த என்47 எஞ்சினில உள்ளுக்கை சுத்துற ரைமிங் செயின் பின் பக்கம், கியர்பொக்ஸ் பக்கம் இருக்கு, அதை மாத்த எஞ்சினையோ கியர்பொக்ஸையோ இறக்க வேணும். காலமை குளிரில ஸ்ரார்ட் பண்ணேக்க பின்னால இருந்து சரசரப்புச் சத்தம் கேட்டால் விலை பேசாமல் வந்திடுங்கோ. வேண்டினால் சுப்பர் டீசல் மட்டும்.

ரயர்

ரன்பிளாற் (காத்துப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடுற ரயர்) போட்ட கன காருகளில ஸ்பெயார் சில்லு இல்லை. ஏ9 இல இறங்க முதல் டிக்கியைத் திறந்து பாருங்கோ.

காத்துச் சஸ்பென்ஷன் பென்ஸ்

காலமை போய்ப் பாருங்கோ. இரவு நிண்டதில ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் காத்துக் கசியுது, வேண்டாம்.

92 பெற்றோல்

அடிக்காதேங்கோ. 95 தான்.

லீசிங்

கட்டுக்காசையும் திருத்தக் காசையும் ஒரே சம்பளத்தில இருந்து எடுக்க ஏலாது. திருத்தக் காசு கையில இல்லாத மாதத்திலதான் ஒரு வாளி தண்ணி ஊத்திச் சமாளிக்கத் தோணும்.

அந்தத் தம்பியின்ர கார்

இப்பவும் எங்கட முத்தத்திலதான் நிக்குது. மூண்டு தரம் டிஸ்ரில்ட் வோட்டர் விட்டுக் கழுவினம், முதல் தரம் வந்தது தேத்தண்ணி நிறம். றேடியேற்றரைக் காப்பாத்த ஏலேல்ல, பம்புக்கும் தேர்மொஸ்ராற்றுக்கும் ஓடர் குடுத்திருக்கு. ஹெட் இன்னும் நல்லாத்தான் இருக்கு, அதுதான் பெரிய நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை அவரின்ர அப்பா வந்தவர், ஏ40 ஓடின மனிசன். கழட்டின தேர்மொஸ்ராற்றை வாங்கிப் பெருவிரல் நகத்தால அந்த வெள்ளைப் படையைச் சுரண்டிப் பாத்தார், கன நேரம் ஒண்டும் கதைக்கேல்ல. பிறகு, "தம்பி, அந்தத் தண்ணி எத்தினை லீற்றர் வேணும்?" எண்டு கேட்டார். கூலன்ற் அஞ்சு, டிஸ்ரில்ட் அஞ்சு, கழுவ இன்னும் இருபது எண்டு சொன்னனான். பின்னேரமே கான்களோட வந்திட்டார்.