சான்றிதழின் படம் சான்றிதழ் ஆகாது: டிஜிட்டல் அடையாளப் பணப்பையைக் கையாளும் முறை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட, தட்டச்சும் போட்டோப் பிரதியும் செய்து கொடுக்கும் சிறிய கடை என்னுடையது. பல்கலைக்கழகப் பிள்ளைகள், வங்கிக் கடனுக்கு விண்ணப்பிப்பவர்கள், வெளிநாட்டுக்குப் புறப்படுபவர்கள் என்று பலருடைய சான்றிதழ்கள் என் கையால் போய்வருகின்றன. "அண்ணை, டிஜிட்டல் சான்றிதழ் இருக்கிறது" என்று அவர்கள் நீட்டும் கைத்தொலைபேசியில் பெரும்பாலும் இருப்பது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம். படத்தில் 'சீ' என்றிருக்கும் பெறுபேற்றை 'ஏ' ஆக்குவதற்குச் சில நிமிடங்கள் போதும். உண்மையான டிஜிட்டல் சான்றிதழில் அது முடியாது. ஏன் முடியாது என்பதை விளங்கிக்கொண்டால், அத்தகைய சான்றிதழ்களை வைத்திருக்கும் பணப்பைச் செயலியைக் கையாள்வதும் இலகு.

சான்றிதழ் வழங்கும் நிறுவனத்திடம் ஓர் இரகசியத் திறப்பு (சாவி) இருக்கிறது. அது கணினியில் உள்ள மிக நீண்ட ஓர் எண். அதைக் கொண்டு உங்கள் பெயர், பெறுபேறு, திகதி ஆகியவற்றின்மீது கணித முறையில் கையொப்பம் இடுகிறார்கள். அதற்கு இணையான பொதுத் திறப்பை எவரும் எடுக்கக்கூடிய இடத்தில் வெளியிட்டு வைக்கிறார்கள். சரிபார்ப்பவரின் மென்பொருள் அந்தப் பொதுத் திறப்பைக் கொண்டு கையொப்பத்தைச் சோதிக்கும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கையொப்பம் பொருந்தாது. இதற்காக வழங்கியவருக்குக் கடிதம் எழுதவும் வேண்டாம், தொலைபேசி எடுக்கவும் வேண்டாம். எல்லா நாட்டு மென்பொருள்களும் ஒரே விதமாக இதைச் செய்வதற்கான தரநிலையை, இணையத்துக்கான தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு (W3C) 2019 இல் வெளியிட்டது.

ஒன்றை மறக்க வேண்டாம். கையொப்பம் பொருந்தினால், இன்னார் வழங்கினார், பிறகு எவரும் மாற்றவில்லை என்பதே உறுதி. வழங்கியவர் நேர்மையானவரா என்று கணிதம் சொல்லாது. பெயர்ப்பலகை மட்டும் உள்ள ஒரு போலிக் கல்லூரியும் கையொப்பம் இடலாம். ஆகவே, ஆளைச் சேர்க்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், கையொப்பம் பொருந்தியதாக மென்பொருள் காட்டும் பச்சை அடையாளத்தைக் கண்டதும் நின்றுவிடாமல், வழங்கியவரின் பெயரைத் தட்டி விபரத்தை வாசியுங்கள். கியூ.ஆர். குறியீடு அச்சிட்ட சான்றிதழ் என்றால், அது கொண்டுபோகும் இணைய முகவரியைப் பாருங்கள். பெரும்பாலான அரசுத் தளங்களில், தொடக்கத்தில் வரும் 'https://' ஐ விட்டுப் பார்த்தால், முதல் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதி, முன்னால் ஒரு புள்ளியுடன், 'ஜிஓவி.எல்கே' (.gov.lk) என்று முடியும். அந்தச் சொல் முகவரியின் நடுவில் எங்கேயோ இருந்தால் போதாது.

இந்தச் சான்றிதழ்களை வைத்திருக்கும் கைத்தொலைபேசிச் செயலிதான் பணப்பை. எங்கள் நாடான இலங்கையில் டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு இந்தியாவின் நன்கொடை உதவியைப் பெற 2022 இல் உடன்படிக்கை ஒப்பமானது. இத்தகைய திட்டங்களின் பெயரைச் சொல்லிப் போலிச் செயலிகளும் வரும். அரசு தன் சொந்தத் தளத்தில் அறிவிக்காத எந்தச் செயலியிலும் தேசிய அடையாள அட்டையைப் படம் பிடித்து ஏற்றாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் வந்த இணைப்பிலிருந்து பணப்பைச் செயலியை இறக்கவே கூடாது.

செயலியை நிறுவியதும், வேறெங்கும் பயன்படுத்தாத ஒரு பின் (PIN) இலக்கத்தை வையுங்கள். பிறகு வழங்கும் நிறுவனத்தின் தளத்தில் உள்நுழைந்து, அது காட்டும் கியூ.ஆர். குறியீட்டைப் பணப்பையால் ஸ்கேன் செய்தால் சான்றிதழ் வந்து சேரும். அது உங்கள் தொலைபேசிக்குள் இருக்கும் இன்னோர் இரகசியத் திறப்புடன் பிணைக்கப்படலாம். அப்படிப் பிணைத்ததை வேறு தொலைபேசிக்கு நகலெடுத்தாலும் பயனில்லை.

சான்றிதழைக் காட்டும்போதுதான் நிதானம் வேண்டும். கேட்பவரின் குறியீட்டை ஸ்கேன் செய்ததும், கேட்பவர் யார், எந்தெந்த விபரங்களைக் கேட்கிறார் என்று பணப்பை காட்டும். அந்தத் திரையை முழுவதும் வாசியுங்கள். அவசரப்படுத்துகிறார்கள் என்பதற்காக அழுத்தாதீர்கள்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2016 முதல் வழங்கப்படும் எங்கள் அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். 1994 ஜனவரி 10 இல் பிறந்த பெண்ணின் இலக்கம் 1994510 என்று தொடங்கும். இலக்கத்தை மட்டும் கொடுத்தாலே பிறந்த திகதியையும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். பிரதி கொடுத்தால் முகவரியும் படமும் போகின்றன. கடையில் மறந்துவிட்டுப் போகும் பிரதிகளை நான் கிழித்துப் போடுகிறேன். எல்லா இடத்திலும் அப்படி நடக்கும் என்று நம்பியிருக்க முடியுமா?

நல்ல பணப்பை இந்தக் கசிவை அடைக்கிறது. வழங்குபவர் ஒவ்வொரு விபரத்தையும் தனித்தனியாகக் கணித முத்திரைக்குள் மூடி, அந்த முத்திரைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கையொப்பம் இடுகிறார். நீங்கள் தேவையானதை மட்டும் திறந்து காட்டலாம். பதினெட்டு வயது நிறைந்தவரா என்பதைத் தனி விபரமாக வழங்கியிருந்தால், 'ஆம்' என்பது மட்டும் போகும். பிறந்த திகதி போகாது. ஆனால் ஒருமுறை கொடுத்த விபரத்தைத் திரும்ப எடுக்க முடியாது. கேட்ட காரியத்துக்குப் பொருந்தாத விபரம் பட்டியலில் இருந்தால் மறுத்துவிடுங்கள். ஏன் தேவை என்று கேளுங்கள்.

எங்கள் உறவினர்கள் வாழும் நாடுகளில் இது வாசலுக்கு வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் ஒவ்வொன்றும் 2026 முடிவதற்குள் தம் மக்களுக்கு ஓர் அடையாளப் பணப்பையை வழங்கவேண்டும் என்பது சட்டம். பயன்படுத்துவது அவரவர் விருப்பம். சுவிஸில் தனியார் நிறுவனங்கள் மின்னடையாளம் வழங்கும் திட்டத்தை மக்கள் 2021 இல் நிராகரித்தார்கள். அரசே வழங்கும் திட்டத்துக்கு 2025 செப்டெம்பரில் 50 வீதத்துக்குச் சற்று மேலாக ஆதரவு கிடைத்தது. அங்குள்ள பிள்ளைகள், "அம்மாவுடையதையும் என் தொலைபேசியிலேயே வைத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் சம்மதிக்க வேண்டாம். திறப்பு யாருடைய கையில் இருக்கிறதோ, அவரே அம்மாவாகக் கையொப்பமிட முடியும்.

தொலைபேசியைத் திருத்தக் கொடுக்கும்போது பணப்பையின் பின் இலக்கத்தைச் சொல்லாதீர்கள். தொலைந்துபோனால் உடனே வழங்கிய நிறுவனத்துக்கு அறிவித்து, பழைய சான்றிதழை இரத்துச் செய்விக்க வேண்டும். இரத்தான சான்றிதழ்களின் நிலைப் பட்டியலை வழங்குபவர் வெளியிடுவார். சரிபார்ப்பவரின் மென்பொருள் அதைப் பார்த்து அறிந்துகொள்ளும். பிறகு புதிய தொலைபேசியில் புதிதாகப் பெறலாம். போரினால் வந்த 1995 இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் இழந்துவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்! ஆகவே மூலக் கடதாசிகளை வீசிவிடாதீர்கள். வழங்கிய நிறுவனங்களின் தொலைபேசி இலக்கங்களை ஒரு தாளில் எழுதி, அந்தக் கடதாசிகளுடன் சேர்த்து வையுங்கள்.