வண்ணாரப்பேட்டையிலிருந்து பி.டி.ஏ. வகுப்புக்கு: அமெரிக்கா வந்து சேர்ந்தவர்களுக்குச் சில குறிப்புகள்

விடுமுறைக்கு வண்ணாரப்பேட்டை வரும்போதெல்லாம், எம்.சி. ரோடு நெரிசலைத் தாண்டி வீடு சேர்வதற்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "அக்கா, அங்கே இரண்டே வருடத்தில் பிசியோதெரபி படித்துவிடலாமாமே?" இந்த முறை கேட்டவள் பக்கத்துத் தெருப் பெண். கல்யாணமாகி அடுத்த மாதம் டெக்சாஸ் போகிறாள். அவளுக்குச் சொன்னதை அங்கே ஏற்கெனவே வந்திறங்கி விழித்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

இரண்டு வருடத்தில் கிடைப்பது பிசியோதெரபிஸ்ட் பட்டம் அல்ல. அதற்கு அங்கே இளங்கலை முடித்து, மேலும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் முனைவர் நிலைப் படிப்பு வேண்டும். இரண்டு வருடம் என்பது பிசிகல் தெரபிஸ்ட் அசிஸ்டென்ட், சுருக்கமாக பி.டி.ஏ. நோயாளியைப் பரிசோதித்துச் சிகிச்சைத் திட்டம் வகுப்பவர் தெரபிஸ்ட். அவருடைய மேற்பார்வையில் பயிற்சி கொடுப்பது, நடக்கப் பழக்குவது, கருவி வைப்பது பி.டி.ஏ.வின் வேலை. 'எய்ட்' என்று இன்னொரு வேலையும் உண்டு. அதற்கு உரிமம் தேவையில்லை, சம்பளமும் குறைவு. பெயர்கள் ஒரே மாதிரி ஒலிப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். இங்கே நான்கரை வருடம் பி.பி.டி. (இளங்கலை பிசியோதெரபி) முடித்தவர்களுக்குப் பட்டத்தை மதிப்பிட்டுக்கொண்டு போகும் வேறு பாதை இருக்கிறது. இந்தக் குறிப்பு அவர்களுக்கானது அல்ல.

சேரும் கல்லூரியின் பி.டி.ஏ. படிப்புக்கு பிசியோதெரபி படிப்புகளைச் சரிபார்க்கும் 'கேப்டி' அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் உரிமத் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும். அந்தத் தேர்வுக்கு என்.பி.டி.இ. என்று பெயர். 200 முதல் 800 வரையிலான அளவுகோலில் 600 எடுத்தால் தேர்ச்சி.

அடுத்தது விசா. கசப்பாக இருந்தாலும் இதைப் பணம் கட்டுமுன் தெரிந்துகொள்வது நல்லது. எச்-4, அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்கான விசாவில் படிக்கத் தடையில்லை. வேலை செய்யத்தான் தடை. துணைவரின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால், 2015 முதல் நடப்பில் உள்ள விதிப்படி வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். மாணவர் விசாவில் வந்து பி.டி.ஏ. படித்து, அதைக் காட்டி எச்-1பி வாங்கிவிடலாம் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள். எச்-1பி வேலைக்குக் குறைந்தது இளங்கலைத் தகுதி தேவை என்றிருக்க வேண்டும், பி.டி.ஏ.வுக்கு அசோசியேட் என்னும் இரண்டாண்டுப் பட்டமே போதும். கிரீன் கார்டோ வேலை அனுமதியோ கையில் இருப்பவர்களுக்கு இது அருமையான வழி. மற்றவர்களுக்கு இதை மட்டும் வைத்து நீண்ட நாள் வேலை பார்ப்பது கடினம்.

இனி, இந்தப் படிப்பில் வரும் இயற்பியல். சில கல்லூரிகள் நுழைவுக்கு முன்பே ஒரு செமஸ்டர் கேட்கும், சில கேட்காது. கேட்டால், கால்குலஸ் இல்லாத, அல்ஜீப்ரா அளவிலான பாடமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஆய்வகம் சேர்ந்ததா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். நான் பி.எஸ்சி. இயற்பியல் என்ற மிதப்பில் போனேன். "உங்கள் மதிப்பெண் பட்டியல் பழையது, அறிவியல் பாடங்கள் அண்மை ஆண்டுகளில் படித்ததாக இருக்க வேண்டும்" என்று சொல்லி, பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு மறுபடி உட்கார வைத்துவிட்டார்கள். அன்று அழுதேன். பிறகு புரிந்தது, நான் பட்டம் வாங்கியிருந்தேனே தவிர, அதை உடம்பில் பொருத்திப் பார்த்ததே இல்லை.

தண்ணீர் லாரி வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். குடத்தை இடுப்பில் அணைத்தால் தெருக்கோடி வரை நடக்கலாம். கையை நீட்டிப் பிடித்தால் பத்தடி தாங்காது. எடை அதேதான், உடம்பிலிருந்து தூரம் கூடியதால் திருப்பு விசை கூடிவிட்டது. முழங்கையில் பைசெப்ஸ் தசை மூட்டிலிருந்து ஏறக்குறைய 4 சென்டிமீட்டரில் பிடித்திருக்கிறது. உள்ளங்கையோ 35 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. கையில் உள்ள எடையைப் போல எட்டு மடங்குக்கு மேல் தசை இழுக்க வேண்டும். தோள் அறுவைச் சிகிச்சை ஆனவரை முதலில் முழங்கையை மடக்கிக் கையைத் தூக்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால்களுக்கு உடல் எடையில் பாதிதான் தெரியும். கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு. மீயொலிக் (அல்ட்ராசவுண்ட்) கருவியில் 1 மெகாஹெர்ட்ஸ் ஆழத் திசுவுக்கு, 3 மெகாஹெர்ட்ஸ் தோலை ஒட்டிய திசுவுக்கு. இடையில் காற்று இருந்தால் ஒலி திரும்பிவிடும் என்பதால்தான் ஜெல் தடவுகிறோம். தமிழ் வழியில் படித்தவர்களே, திருப்பு விசை, மிதப்பு விசை என்று உங்களுக்குத் தெரிந்ததுதான் எல்லாம். ஆங்கிலப் பெயர்களை ஒரு வாரத்தில் ஒட்டவைத்துவிடலாம். மருத்துவமனையில் பவுண்டுக் கணக்கு: ஒரு கிலோ ஏறத்தாழ 2.2 பவுண்டு.

ஒன்றை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்: சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதும் பழக்கம். நம் ஊரில் அது ஒரு சடங்கு. அங்கே அதற்குக் கல்லூரியை விட்டே அனுப்புவார்கள்.

உண்மையில் ஆளை வடிகட்டுவது உடற்கூறும் உடலியங்கியலும்தான், இரண்டு செமஸ்டர். இடங்கள் குறைவு, மதிப்பெண் முக்கியம். மருத்துவமனைப் பயிற்சிக்கு ஊருக்கு வெளியேயும் அனுப்புவார்கள். பெரும்பாலான ஊர்களில் கார் ஓட்டத் தெரியாமல் அதை முடிக்க முடியாது. இங்கே போல மின்ட் பஸ் நிலையத்தில் ஏறி எங்கும் இறங்க பஸ் கிடையாது.

கிளம்பும் முன் சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்டுக்கு (மொத்த மதிப்பெண் சான்றுக்கு) விண்ணப்பித்துவிடுங்கள், அங்கிருந்து வாங்குவது பெரும்பாடு. தடுப்பூசி அட்டையையும் தேடி எடுங்கள். பயிற்சிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை உண்டு. சிறுவயதில் நமக்குப் போட்ட பி.சி.ஜி. ஊசியால் தோல் பரிசோதனை தவறாக 'இருக்கிறது' என்று காட்டக்கூடும். தோளில் தழும்பு இருந்தால், இரத்தப் பரிசோதனை எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். அம்மை வந்தபோது வீட்டு வாசலில் வேப்பிலை செருகியது எந்தச் சான்றிதழிலும் இருக்காது. அதற்கும் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியை அளந்து காட்டினால் ஏற்றுக்கொள்வார்கள்.