'ஒயிட் டூனா' என்றால் கொஞ்சம் நிதானியுங்கள்

நியூஜெர்சியில் எங்கள் ஆபீஸ் பக்கத்தில் ஒரு சுஷி கடை. மெனுவில் 'ஒயிட் டூனா' என்று பார்த்ததும், நம் ஊர்ச் சூரைக்கு வெளுத்த தம்பி போலிருக்கிறது என்று எட்டுத் துண்டு சாப்பிட்டேன். வெண்ணெயாய்க் கரைந்தது. மறுநாள் காலை மீட்டிங்கில் வயிற்று வலி எதுவும் இல்லை, அவசரமும் தெரியவில்லை. ஆரஞ்சு நிற எண்ணெய் தானாகக் கசிந்தது. அன்றைக்கென்று வெளிர் நிற பேன்ட்.

நான் சாப்பிட்டது சூரையே இல்லை, எஸ்கொலார். பகலில் ஆழத்தில் கிடந்து, இரவில் மேலேறிக் கணவாயும் சிறு மீன்களும் தின்கிற மீன். சதையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெழுகு எண்ணெய். மீன் மிதப்பதற்கு உதவும் அந்த எண்ணெய் நம் குடலில் செரிக்காது, அப்படியே இறங்கிவிடும். இதன் பங்காளி ஒன்றுக்கு ஆங்கிலத்திலேயே 'விளக்கெண்ணெய் மீன்' என்று பெயர். ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள கொமோரோ தீவுகளில் அந்தப் பங்காளிக்கு இரவில் ஆழத் தூண்டில் போடும்போதுதான், அழிந்துவிட்டதாக நினைத்திருந்த சீலகாந்த் என்ற பழங்கால மீன் சில சமயம் மாட்டும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? நிறத்தைப் பாருங்கள். 'ஒயிட் டூனா' என்ற பெயருக்கு உரிய அல்பகோர் என்ற சூரை வகை சமைக்காமல் பச்சையாக இருக்கும்போது இளஞ்சிவப்பு கலந்திருக்கும். எஸ்கொலார் பால் வெள்ளை, மேலே எண்ணெய்ப் பளபளப்பு. 'சூப்பர் ஒயிட் டூனா', 'பட்டர்ஃபிஷ்', ஹவாயில் 'வாலு' என்றெல்லாம் எழுதியிருந்தால், "இது எஸ்கொலாரா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம். 2013இல் ஓசியானா என்ற கடல் பாதுகாப்பு அமைப்பு அமெரிக்காவில் சோதித்த 'ஒயிட் டூனா' மாதிரிகளில் 84 சதவீதம் எஸ்கொலார்தான். சுஷிக்குத் தாய்நாடான ஜப்பானிலோ 1977 முதல் இதற்குத் தடை!

வீட்டில் சமைத்தால் கிரில் செய்து, வடிகிற எண்ணெயைக் கொட்டிவிடுங்கள். குழம்பு வைத்தால் எண்ணெய் முழுக்கக் குழம்பிலேயே நிற்கும். எப்படிச் சமைத்தாலும் முழுதாகப் போகாது. குழந்தைகள், கர்ப்பிணிகள், வயிறு சரியில்லாதவர்கள் தொடவே வேண்டாம்.

தெரியாமல் சாப்பிட்டாகிவிட்டதா? அரை மணி நேரத்திலும் தொடங்கலாம், ஒன்றரை நாள் கழித்தும் தொடங்கலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் நின்றுவிடும். பேதியானால் தண்ணீரும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் குடியுங்கள், நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள். அதுவரை அடர் நிற பேன்ட், கழிப்பறைக்குப் பக்கத்து நாற்காலி.

ருசியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இப்போதும் இரண்டு துண்டு சாப்பிடுவேன், வெள்ளிக்கிழமை இரவு மட்டும்.