பூனை குறட்டை விட்டால் என்னென்ன கவனிக்க வேண்டும்?

எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். மூத்தவள் தங்கம், 11 வயது, நல்ல கனம். பல வருடங்களாகக் குறட்டை விடுகிறாள். சின்னவன் வாலுவுக்குப் பத்து மாதம் ஆனபோது அவனும் குறட்டை விட ஆரம்பித்தான். தங்கத்தின் சத்தத்துக்குப் பழகிப்போன என் காதுக்கு அது புதிதாகவே படவில்லை. மூன்று வாரம் கழித்து, அவன் விழித்துக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்தபோதும் அதே சத்தம் வந்தது. அன்றைக்குத்தான் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த மூன்று வாரத்தில் நான் எதையெல்லாம் பார்த்திருக்க வேண்டுமோ, அதை இங்கே எழுதுகிறேன்.

பூனைகள் குறட்டை விடும். நாய்கள் அளவுக்கு இல்லை, ஆனால் விடும். ஆழ்ந்து தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்துவிடுகின்றன. மேல்வாயின் பின்பக்கத்தில் இருக்கும் மென் அண்ணமும் சுற்றியுள்ள சதையும் காற்று போகிற வழியில் லேசாகத் தொங்கி அதிர்கின்றன. அந்த அதிர்வுதான் சத்தம். வழி எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவு சத்தம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வழி எதனால் குறுகியது?

முதலில், கேட்பது குறட்டைதானா என்று பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து விலா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். குறட்டை பெரும்பாலும் மூச்சை உள்ளே இழுக்கும்போது வரும். சுகமாக இருக்கும்போது போடுகிற ‘புர்ர்’ சத்தம் இழுக்கும்போதும் விடும்போதும் இடைவிடாமல் வரும். கையை வைத்தால் உடம்பே அதிரும். மூச்சை விடும்போது விசில் மாதிரி வந்தால், அதுவும் உடம்பைக் குறுக்கி கழுத்தை நீட்டி இருமுகிற பூனையாக இருந்தால், ஆஸ்துமாவாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு.

அப்புறம் படுக்கிற விதம். தலையை வயிற்றுக்குள் மடக்கியோ, மூக்கைத் தலையணையில் அழுத்தியோ தூங்கினால் சத்தம் வருவது இயல்பு. தாடையை மெதுவாக ஒரு பக்கம் திருப்பி விடுங்கள். சத்தம் நின்றால் நிம்மதியாக இருக்கலாம். தங்கத்துக்கு ஒவ்வொரு முறையும் நின்றுவிடும். வாலு எப்படிப் படுத்தாலும் நிற்கவில்லை.

அடுத்தது மூச்சை எண்ணுவது. மார்பு ஏறி இறங்கினால் ஒன்று. 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். தூங்கும் பூனைக்கு நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருப்பது நல்லது. மீசை துடித்து, பாதம் உதறி, கனவு காணும் நேரத்தில் எண்ணாதீர்கள். அப்போது மூச்சு தாறுமாறாகத்தான் இருக்கும். அது அடங்கிய பிறகு எண்ணுங்கள். மறுபடி மறுபடி 30-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எனக்கு மிகவும் உதவியது பஞ்சு சோதனைதான். பஞ்சிலிருந்து ஓர் இழையை முடி மாதிரி மெல்லியதாக இழுத்துக்கொள்ளுங்கள். பூனை அமைதியாகப் படுத்திருக்கும்போது, மீசையைத் தொடாமல், முதலில் ஒரு மூக்குத் துவாரத்துக்கு முன்னால் பிடியுங்கள், பிறகு மறு துவாரத்துக்கு. இரண்டு பக்கமும் இழை ஒரே மாதிரி ஆட வேண்டும். ஒரு பக்கம் ஆடாமல் தொங்கினால் அந்தப் பக்கம் அடைப்பு. சளியாக இருக்கலாம், பல்வேரில் சீழ் கட்டியிருக்கலாம், மேய்ந்த புல் மேலே ஏறிச் சிக்கியிருக்கலாம், வயதான பூனை என்றால் மூக்குக்குள் புற்றுக்கட்டியாகவும் இருக்கலாம். வாலுவுக்கு இரண்டு பக்கமும் இழை சோர்வாகத்தான் ஆடியது. அடைப்பு மூக்கில் இல்லை, அதற்குப் பின்னால் இருந்தது.

பர்சியன், ஹிமாலயன், எக்ஸாட்டிக் மாதிரி தட்டை முகப் பூனைகளுக்குப் பிறவியிலேயே துவாரம் சின்னது, அண்ணம் நீளம். அவை குறட்டை விடுவது சகஜம்தான். ஆனால் ‘இந்த இனமே இப்படித்தான்’ என்று சும்மா விட்டுவிடாதீர்கள். விளையாடும்போதே மூச்சு திணறினால் துவாரத்தை அறுவைச் சிகிச்சையில் அகலப்படுத்த முடியும்.

குண்டான பூனைக்குத் தொண்டையைச் சுற்றியும் கொழுப்பு சேர்கிறது. விலாவைத் தடவிப் பாருங்கள். உங்கள் புறங்கையைத் தடவினால் எலும்பு தட்டுப்படுகிறதல்லவா, அந்த அளவுக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை அதிகம். குறைப்பதில் அவசரமே கூடாது. வாரத்துக்கு உடல் எடையில் சுமார் 1 சதவீதம் போதும். 6 கிலோ பூனைக்கு அது 60 கிராம். பட்டினி போட்டால் குண்டுப் பூனைக்கு இரண்டு மூன்று நாளிலேயே ஈரலில் கொழுப்பு அடைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

சளியால் வரும் குறட்டை என்றால், குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தி, ஆவி நிறைந்த அறையில் பூனையோடு பத்து நிமிடம் உட்காருங்கள். சாப்பாட்டை லேசாகச் சூடாக்கிக் கொடுங்கள். வாசனை தெரியாத பூனை சாப்பிடாது. வீட்டுக்குள் சிகரெட் புகையும் பூனை மலம் கழிக்கும் தட்டில் தூசி பறக்கிற மணலும் வேண்டாம். தயவுசெய்து தைலம், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய் எதையும் தடவாதீர்கள். பாரசிட்டமால் கொடுக்கவே கூடாது. ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு வெளுத்தோ நீலமாகவோ தெரிந்தாலோ, கழுத்தை நீட்டி வயிறு எக்கி எக்கி மூச்சு விட்டாலோ எந்தச் சோதனையும் செய்து கொண்டிருக்காதீர்கள். உடனே கிளம்புங்கள்.

மற்றபடி, புதிதாகத் தொடங்கிய குறட்டை, நாளுக்கு நாள் கூடுகிற குறட்டை, விழித்திருக்கும்போதும் கேட்கிற சத்தம், குரல் மாறுவது, விழுங்கச் சிரமப்படுவது, மூக்கில் ரத்தம், இவற்றில் எது இருந்தாலும் ஓரிரு நாளில் காட்டிவிடுங்கள். போகும்போது மார்பும் மூக்கும் தெரிகிற மாதிரி ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவமனை மேசையில் எந்தப் பூனையும் தூங்கிக் காட்டாது.

வாலுவுக்கு மயக்க மருந்து கொடுத்து, மென் அண்ணத்தை முன்னால் இழுத்துப் பார்த்தபோது அதன் பின்னால் ரோஜா நிறத்தில் ஒரு சதைக்கட்டி இருந்தது. பாலிப் என்றார் மருத்துவர். நடுக்காதிலிருந்தோ, அதைத் தொண்டையோடு இணைக்கும் குழாயிலிருந்தோ முளைப்பது, இளம் பூனைகளுக்குத்தான் அதிகம் வரும், புற்று இல்லை. காம்போடு பிடித்து இழுத்து எடுத்துவிட்டார்கள். சில நாள் ஒரு கண்மணி சுருங்கி, உள் இமை பாதி மூடியிருந்தது. நரம்பு அதிர்ந்ததால் அப்படி, தானாகச் சரியாகும் என்றார்கள், ஆனது. பாலிப் திரும்பவும் வளரலாம் என்பதால், ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் தூங்கும்போது பஞ்சு இழையோடு பக்கத்தில் போய் உட்காருகிறேன். இதுவரை இரண்டு பக்கமும் நன்றாக ஆடுகிறது.