குறைந்த மாவுச்சத்து உணவுமுறை: குமரி மாவட்டத்து வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடல் எடையைக் குறைக்கவும் இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவும் மாவுச்சத்தைக் குறைத்து உண்ணும் முறையைப் பேலியோ, கீட்டோ என்ற பெயர்களில் நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரை இன்று பலர் கடைப்பிடிக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் பத்துக் கோடிக்கு மேல் என்று கணக்கிட்டது. இந்த நிலையில் உணவை மாற்றிப் பார்க்க மக்கள் முன்வருவது நல்லதே. முறையும் பயனுள்ளதுதான். ஒரு நாளைய மாவுச்சத்தை 130 கிராமுக்குக் கீழே கொண்டுவந்தவர்களுக்கு முதல் ஆறு மாதங்களில் எடையும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவும் பொதுவாக நன்றாகவே குறைகின்றன. ஆனால் ஓராண்டு கழிந்தபின் மற்ற உணவுமுறைகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சுருங்கிவிடுகிறது. பலரால் இதைத் தொடர முடியாமல் போவது அதற்கு ஒரு பெரிய காரணம். தொடர முடியாமல் போவதற்கு மனவுறுதி இல்லாமையைக் குறை கூறுவது வழக்கம். என் கருத்தில், தொடக்கத்திலேயே செய்யும் தவறுகள்தாம் பெரும்பாலானவர்களைத் திருப்பி அனுப்புகின்றன.

அவற்றுள் உயிருக்கே ஆபத்தானது, மாத்திரையின் அளவை மாற்றாமல் உணவை மட்டும் மாற்றுவது. கிளிமிப்ரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைப்பவை. மூன்று வேளையும் சோறும் புட்டும் கிழங்கும் உண்ட ஒருவருக்கு மருத்துவர் கணக்கிட்டு எழுதிய அளவு அது. அவர் திடீரென்று மாவுச்சத்தைப் பாதிக்கு மேல் குறைத்துவிட்டால், மாத்திரை சுரக்கவைக்கும் இன்சுலினுக்கு ஈடான சர்க்கரை இரத்தத்தில் இருக்காது. இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே நிலைதான். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும்போது கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பார்வை மங்கல், பேச்சுக் குழப்பம் ஆகியவை வரும். கவனிக்காமல் விட்டால் மயக்கத்தில் முடியும். குலசேகரம், கீரிப்பாறைப் பக்கங்களில் பொழுது விடியும் முன்பே ஒரு கட்டன் சாயாவோடு ரப்பர் பால் வெட்டப் போகிறவரும், குளச்சலிலோ முட்டத்திலோ இருட்டில் வள்ளம் இறக்கிக் கடலுக்குப் போகிறவரும் இதைப் பிறரைவிடக் கூடுதலாக அஞ்ச வேண்டும். உடல் உழைப்பும் சர்க்கரையைக் குறைக்கும் என்பதால் இரண்டும் ஒருசேர இறக்கிவிடும். தோட்டத்தின் நடுவிலோ கடலிலோ மயக்கம் வந்தால் உதவிக்கு ஆள் இருக்க மாட்டார். அத்தகையவர்கள் சட்டைப் பையில் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ வைத்திருக்க வேண்டும். அறிகுறி தெரிந்தவுடன் 15 கிராம், அதாவது ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி சர்க்கரையை உட்கொண்டு, 15 நிமிடம் கழித்தும் சரியாகாவிட்டால் மீண்டும் அதே அளவு எடுத்துக்கொள்ள வேண்டும். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற பெயர்களில் வரும் மாத்திரைகளின் ஆபத்து வேறு வகையானது. இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. இவற்றை உண்டுகொண்டே மாவுச்சத்தை மிகக் குறைத்தால், இரத்தச் சர்க்கரை பெரிதாக உயராத நிலையிலேயே கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலங்கள் ஆபத்தான அளவுக்குச் சேரக்கூடும். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் ஆகியவை தோன்றும்போது குளுக்கோமீட்டர் இயல்பான எண்ணைக் காட்டுவதால், வாயுத் தொல்லை என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடுவது மிகப் பெரிய தவறு. மெட்ஃபார்மின் மட்டும் உண்பவர்களுக்கு இந்த இரண்டு அபாயங்களும் மிகக் குறைவு. ஆகவே எந்த மாத்திரை உண்கிறோம் என்ற பெயர் தெரியாமல் உணவை மாற்றத் தொடங்கக் கூடாது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுவது பெரிய உதவி. ஆனால் உணவை மாற்றப் போகிற மாதத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரில் போய் மருத்துவரிடம் சொல்லி, எதைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்று கேட்டுக்கொள்வது கட்டாயம். தாமாகவே எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிடுவதும் இதே அளவு தவறானது.

அடுத்ததாக, சோற்றை மட்டுமே மாவுச்சத்தாக எண்ணுவது. ‘சோறே உண்பதில்லை, ஆனாலும் சர்க்கரை குறையவில்லை’ என்று வருந்துகிறவரிடம் காலையில் என்ன, மாலையில் என்ன என்று கேட்டால் விடை கிடைத்துவிடும். நம் மாவட்டத்தில் மாவுச்சத்து பல உருவங்களில் வருகிறது. மரச்சீனிக்கிழங்கில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 38 கிராம் மாவுச்சத்து உண்டு. அதே எடையுள்ள சோற்றில் சுமார் 28 கிராம்தான். மீன்குழம்போடு கால் கிலோ கிழங்கு உண்டால் 90 கிராமுக்கு மேல் ஆகிவிடும். அன்றைய 130 கிராமில் மிச்சம் மிகச் சொற்பமே. திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்தில் பஞ்சத்தைப் போக்க வளர்க்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வராமல் போனபோது ஏழைகளின் உயிரைக் காத்த பயிர் அது. அதன்மேல் நமக்குள்ள பற்று நியாயமானது. ஆயினும் வயலிலும் விளையிலும் நாள் முழுவதும் உழைத்த உடலுக்குப் போன அந்த அளவு, இருந்த இடத்தில் வேலை செய்யும் உடலுக்குப் பொருந்தாது. அதை அடியோடு விட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று சிறு துண்டுகளும் தட்டு நிறையச் சாளைமீனும் என்று விகிதத்தை மாற்றினால் போதும். காய்ச்சில், சிறுகிழங்கு, சேனை, சேம்பு ஆகியவற்றுக்கும் இதே கணக்கை வைத்துக்கொள்ளலாம்.

புட்டைப் பொறுத்தவரை, உலர்ந்த அரிசி மாவு நூறு கிராமில் சுமார் 80 கிராம் மாவுச்சத்து. அதனோடு ஓர் ஏத்தன்பழத்தைப் பிசைந்தால், பழத்தின் சதை 150 கிராம் இருக்குமானால், இன்னும் 45 கிராம் சேரும். காலை உணவிலேயே அன்றைய கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. ஆப்பமும் இடியாப்பமும் தோசையும் அரிசிதான். சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்ற பழைய அறிவுரையும் பெரிய அளவில் உதவாது. கோதுமை மாவின் மாவுச்சத்து அரிசியைவிடச் சற்றே குறைவு, அவ்வளவுதான். நான்கு சப்பாத்தி உண்பவர் 80 கிராம் வரை உண்கிறார். கேழ்வரகையும் ஓட்ஸையும் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் அவை வேகமாகச் செரித்துச் சர்க்கரையை உயர்த்தும். சம்பா அரிசியில் நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை. அதனால் இரண்டு மடங்கு உண்ணலாம் என்பது உண்மையன்று.

இனிப்பு வகைகளைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. கருப்பட்டியும் அக்கானி என்னும் பதநீரும் மார்த்தாண்டத்துத் தேனும் நம் மண்ணின் பெருமைக்குரிய பொருள்கள். இரத்தத்தில் சேரும்போது அவையும் சர்க்கரையே. வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டுக் கருப்பட்டிக் காப்பியை மூன்று வேளை குடிப்பதில் பயனில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழம் உருவில் சிறியது என்பதால் கைக்குக் கிடைத்ததை எல்லாம் உண்ணலாம் என்றும் எண்ண வேண்டாம். ஒன்று போதும், அதுவும் உணவோடு சேர்த்து.

மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் கொழுப்பை எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எடை குறையாமல் நின்றுவிடுவதற்கு இதுவே முதல் காரணம். மாவுச்சத்து ஒரு கிராமுக்கு நான்கு கலோரி. கொழுப்பு ஒரு கிராமுக்கு ஒன்பது. நூறு கிராம் தேங்காய்த் துருவலில் ஏறக்குறைய 350 கலோரி உண்டு. குழம்புக்கும் அவியலுக்கும் துவரனுக்கும் தேங்காய், தாளிக்கத் தேங்காய் எண்ணெய், கொறிக்க முந்திரி என்று சேர்ந்தால் சர்க்கரை உயராது, எடையும் குறையாது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு என்பதால், சிலருக்குக் கெட்ட கொழுப்பான எல்டிஎல் கணிசமாக உயர்கிறது. தேங்காயை வெறுத்து ஒதுக்க வேண்டும் என்பதல்ல. மாவுச்சத்து அதில் குறைவுதான், நார்ச்சத்தும் உண்டு. மூன்று கறிகளிலும் அரைத்துச் சேர்ப்பதை ஒரு கறியோடு நிறுத்தினால் போதும். 2017இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்றில், நோய் தொடங்கி ஆறு ஆண்டுகளுக்குள் இருந்தவர்களின் மொத்தக் கலோரியைக் குறைத்து எடையைக் குறைத்தபோது, ஏறக்குறைய பாதிப்பேர் ஓராண்டில் மாத்திரையின்றியே சர்க்கரை நோயின் அளவுக்குக் கீழே வந்தனர். 15 கிலோவுக்கு மேல் குறைந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அந்த நிலையை அடைந்தனர். கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரைவதே இதன் அடிப்படை. எனவே எந்த உணவுமுறையானாலும் எடை உண்மையில் இறங்குகிறதா என்று பார்க்காமல் இருக்க முடியாது.

சோற்றைக் குறைத்த இடத்தில் எதையும் வைக்காமல் விடுவதும் ஒரு தவறு. அதனால் பசி தாங்காமல் மாலையில் பழம்பொரியும் நேந்திரங்காய் சிப்ஸும் வந்து சேர்கின்றன. வைக்க வேண்டியவை புரதமும் காய்கறியும். சாளை, அயிலை, நெத்திலி ஆகியவற்றில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 20 கிராம் புரதம் உண்டு. சாளையிலும் அயிலையிலும் இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பும் உண்டு. இவை விலை மலிந்து கிடைக்கும் கடற்கரையில் வாழ்வது நம் பேறு. எண்ணெயில் முக்கிப் பொரிக்காமல், புளிமுளமாகவோ குறைந்த எண்ணெயில் சுட்டோ உண்ணலாம். மீன்பிடித் தடைக்காலம் நம் மாவட்டத்தில் கிழக்குப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் இருப்பதால், அந்த மாதங்களில் மீன் விலை ஏறும்போது உணவு சோற்றுக்கே திரும்பிவிடுகிறது. முட்டை, மோர், சிறுபயறு, காணம் (கொள்ளு) ஆகியவற்றை அதற்கு முன்பே பழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். பயறு வகைகளிலும் மாவுச்சத்து உண்டு என்றாலும் அது மெதுவாகவே செரிக்கிறது. காணத்தைத் துவையலாகவும் பயற்றைத் துவரனாகவும் சேர்த்துக்கொள்ளலாம். கருவாட்டை மீனுக்கு நிகராக வைக்கக் கூடாது. அதில் உள்ள உப்பு, சர்க்கரையோடு இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்குக் கேடு. முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, வாழைக்கூம்பு, புடலை, வெள்ளரி ஆகியவை தட்டில் பாதியை நிரப்பினால் மலச்சிக்கல் என்ற புகாரே எழாது. முதலில் காய்கறியும் மீனும், கடைசியில் கொஞ்சம் சோறு என்ற வரிசையில் உண்பதும், உண்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதும் உணவுக்குப் பிந்தைய உயர்வைக் குறைக்கின்றன.

முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்குவதைக் கண்டு மகிழ்ந்து, பின்னர் வேகம் குறைந்ததும் மனம் சோர்ந்து விட்டுவிடுபவர்கள் பலர். உடலில் சர்க்கரையின் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறக்குறைய மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்து குறைந்ததும் முதலில் போவது அந்த நீர். கூடவே உப்பும் சிறுநீரில் வெளியேறுவதால் தலைவலி, தளர்ச்சி, கால் பிடிப்பு ஆகியவை வரலாம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, குறிப்பாகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை, உண்பவர்களுக்கு எழுந்து நிற்கும்போது தலைச்சுற்றல் வந்தால் அந்த மாத்திரையின் அளவையும் மருத்துவர் பார்க்க வேண்டும். நீர் போன பிறகு, வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினாலும் அது நல்ல வேகமே.

காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் சரியன்று. உண்ணத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால்தான் அந்தத் தட்டின் விளைவு தெரியும். ஒரு நாள் கிழங்கும் மீனும், மற்றொரு நாள் காய்கறியும் மீனும் உண்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது, எந்த அறிவுரையைவிடவும் நன்றாகக் கற்றுக்கொடுக்கும். ஹெச்பிஏ1சி பரிசோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். தொடங்கும் முன் சிறுநீரகச் செயல்பாடு, கொழுப்பு அளவு, விழித்திரை ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை மிக வேகமாக இறங்கும்போது, ஏற்கெனவே விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்களுக்கு அது தற்காலிகமாக மோசமாகலாம்.

கருவுற்றிருப்பவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் ஆகியோர் அண்டை வீட்டார் சொன்னார் என்று இந்த உணவுமுறையைத் தாமாகத் தொடங்கக் கூடாது. மெலிந்த உடலோடு சர்க்கரை நோய் வந்தவர்களையும் இவர்களோடு சேர்க்க வேண்டும். கேரளத்திலும் தமிழகத்திலும் கணையத்தில் கல் சேர்ந்து வரும் ஒருவகைச் சர்க்கரை நோய் நெடுங்காலமாக அறியப்பட்டிருக்கிறது. அடிக்கடி வயிற்றுவலி வந்த இளம் வயதினர், எண்ணெய்ப் பசையுள்ள மலம் கழிப்பவர்கள், முயலாமலேயே எடை குறைந்தவர்கள் ஆகியோரிடம் அதைச் சந்தேகிக்க வேண்டும். அவர்களின் கணையத்தால் கொழுப்பைச் செரிக்கத் தேவையான நொதிகளைப் போதிய அளவு சுரக்க முடியாது. மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டினால் வயிற்றுப்போக்கும் மெலிவும் கூடும். அவர்களுக்கு முதலில் தேவைப்படுவது வயிற்று ஸ்கேன் பரிசோதனையும், பெரும்பாலும் இன்சுலினும் நொதி மாத்திரையும்.