ஜே.ஆர்.எஃப் (இளநிலை ஆராய்ச்சியாளர்) ஆகச் சேரும் நாளில் கேட்டிலேயே நிற்காமலிருக்க

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் காவல் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையின் கையில். சேர்க்கைக் கடிதத்தை மொபைலில் காட்டிக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். இத்தகைய இடங்களில் மொபைலையே முதலில் வாங்கி வைத்துவிடக்கூடும். அச்செடுத்த கடிதம், ஆதார் அசல், நகல்கள், நாலைந்து பாஸ்போர்ட் அளவுப் படங்கள், எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். உங்கள் ஆய்வு வழிகாட்டியின் இன்டர்காம் எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: இனிஷியல். எனக்குப் பட்டச் சான்றிதழில் 'கே' மட்டும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. வேறொரு ஆய்வகத்தில் சேர்ந்த அன்று, "ரெண்டும் ஒரே ஆளா?" என்று கேட்டு மதியம் வரை உட்கார வைத்துவிட்டார்கள். பெயர் இப்படி மாறியிருந்தால், இரண்டும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கிவிடுங்கள்.

போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்டிருந்தால் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். அது ஒரு நாளில் வருகிற சமாச்சாரம் இல்லை.

பென்டிரைவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். லேப்டாப்புக்கு அனுமதி இருந்தால், உள்ளே போகும்போதே அதன் சீரியல் எண்ணைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மாலையில் வெளியே எடுத்துவருவது பெரும்பாடு. அப்புறம், நிரந்தர அட்டை வரும்வரை தற்காலிக பாஸ்தான். அதில் நீங்கள் சந்தித்த அதிகாரியின் கையெழுத்தை, அவர் கிளம்புவதற்குள் வாங்கிவிடுங்கள்.